உப்புத்தொட்டிக்கு வாங்கும் நொதியை உப்பிலேயே சோதியுங்கள்

தோல் பதனிடும் ஆலைகளுக்கும் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் நொதி வாங்குவதற்கான தர வரையறையை வகுத்த தொழில்நுட்பக் குழுவினருக்கு,

உங்கள் வரையறையில் இரண்டு விதிகளை எங்களால் ஏற்க முடியவில்லை.

முதல் விதி: விற்பனைக்கு வரும் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) எதுவானாலும் 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (அமில-கார அளவான பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்), பி.எச். 7-இல், 37 டிகிரியில், பால் புரதமான கேசீனோடு பத்து நிமிடம் வைத்துச் சோதிக்க வேண்டும். கிராமுக்கு எத்தனை யூனிட் (வேலைத்திறன் அளவு) என்று பார்த்து, யூனிட்டுக்குக் குறைந்த விலை சொன்னவரிடம் வாங்க வேண்டும். இரண்டாம் விதி: நொதியைச் சுரக்கும் பூஞ்சையின் மாதிரி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 72 மணி நேரத்துக்குள் வளர்ந்து காட்ட வேண்டும். வளராவிட்டால் 'உயிரற்ற மாதிரி' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறீர்கள்.

சோதனையில் ஒரு கிராம் உப்புகூட இல்லை. நொதி போய்ச் சேரப்போகும் இடமோ முழுக்க உப்பு. அகாரிலும் உப்பு இல்லை. வளர்ந்து காட்ட வேண்டிய பூஞ்சையோ உப்பில்லாமல் முளைக்காத இனம். உப்பில் சுருண்டுவிடும் நொதிக்கு முதல் விதி நல்ல மதிப்பெண் போடுகிறது. உப்பில் நின்று வேலை செய்யக்கூடிய நொதியின் மூலப் பூஞ்சையை இரண்டாம் விதி வாசலிலேயே மறிக்கிறது. ஆலைக்காரர்கள் "என்சைம் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை, பழையபடி மயிர் நீக்கும் சோடியம் சல்ஃபைடையே கூட்டிவிட்டோம்" என்று சொல்வதற்கு இந்த வரையறையும் ஒரு முக்கியக் காரணம்.

உப்புத்தோலை முதலில் ஊறவைக்கும் ஊறல் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பு தட்டப்படுகிறது. வாணியம்பாடிக்கோ ராணிப்பேட்டைக்கோ வந்து சேரும் உப்புத்தோலை எவ்வளவு உதறினாலும், உள்ளே ஊறிய உப்பு ஊறல் தண்ணீரில்தான் வெளியேறும். ஊறல் கழிவுநீரில் லிட்டருக்கு 35 முதல் 55 கிராம் வரை கரைந்த உப்புகள் இருப்பது வழக்கம். முதல் தண்ணீரில் உச்சம்; இரண்டாம், மூன்றாம் தண்ணீரில் இறங்கும். ஆக, நொதி ஒரே உப்பளவில் வேலை செய்வதில்லை. 5 விழுக்காட்டில் தொடங்கி 1 விழுக்காட்டுக்குச் சரியும் நீரில் அது நிலைத்து நிற்க வேண்டும். சோடா சாம்பல் போட்டிருப்பதால் பி.எச். 9-ஐத் தாண்டியிருக்கும். தண்ணீர் 26 முதல் 30 டிகிரிதான். நேரம் ஆறு முதல் எட்டு மணி. கூடவே தோலை நனைக்க உதவும் வெட்டிங் ஏஜெண்டும் கிருமிநாசினியும் கிடக்கும். உங்கள் சோதனையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இது பணத்தில் எப்படி அடிக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' என்ற நொதி உப்பில்லாத பஃபரில் கிராமுக்கு 1000 யூனிட் காட்டுகிறது. 5 விழுக்காடு உப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, அதாவது 200. 'ஆ' என்ற நொதி பஃபரில் 500 யூனிட்தான். ஆனால் அதே உப்பில் 90 விழுக்காடு தங்குகிறது, 450. இரண்டும் கிலோ ஒரே விலை என்றால் உங்கள் விதிப்படி 'அ' பாதி விலைக்குக் கிடைத்ததாக ஆகும். தொட்டியில் அதன் உண்மையான விலை 'ஆ'வைப் போல இரண்டேகால் மடங்கு. ஆலைக்காரர் அளவைக் கூட்டிக் கூட்டிப் போடுவார். பிறகு தண்ணீர் மாற்றும்போது உப்பு சட்டென்று இறங்க, அடங்கிக் கிடந்த 'அ' விழித்துக்கொண்டு அளவுக்கு மீறிக் கடிக்கும். மயிர்ப்பக்க வழுவழுப்பு போய், தோலின் மேற்பரப்பான கிரெய்ன் தளர்ந்து, வயிற்றுப் பகுதியில் நரம்புத் தடம் தெரியும். பழி ஊறல் மேஸ்திரி மேல் விழும்.

உப்பு நொதியை ஏன் முடக்குகிறது? புரதத்தைச் சுற்றி ஒரு நீர்ப்படலம் உண்டு. உப்பு மிகுந்தால் தண்ணீரை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புரதத்தின் மேற்பரப்பிலுள்ள மின்னேற்றங்களும் மறைக்கப்படும். புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். உப்பைத் தாங்கும் நொதிகள் பலவற்றில் மேற்பரப்பு முழுக்க அஸ்பார்டேட், குளூட்டமேட் போன்ற அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நெருக்கமாக இருக்கும். அவை தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இங்கே பூஞ்சைக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. உங்கள் குழுவில் இது விவாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. உப்பில் வாழும் உயிர்கள் இரண்டு வழிகளில் பிழைக்கின்றன. உப்பளத்தில் தண்ணீரைச் சிவப்பாக்கும் ஹாலோஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள், வெளியே இருக்கும் உப்புக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடை உடலுக்குள்ளேயே நிரப்பிக்கொள்கின்றன. அவற்றின் நொதிகளுக்கு உப்பு கட்டாயத் தேவை. உப்பு இறங்கினால் பெரும்பாலானவை குலைந்துபோகும். பூஞ்சைகள் அப்படியில்லை. சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே கிளிசராலைச் சேர்த்துவைத்து ஈடுகட்டுகின்றன. ஆகவே அவற்றின் உள் நொதிகள் சாதாரணமானவை. வெளியே சுரக்கும் நொதிகள்தான் உப்பை நேருக்கு நேர் சந்திக்கின்றன. அதோடு, மழை பெய்து பாத்தி நீர்த்துப்போகும் நாளிலும் அவை வேலை செய்தாக வேண்டும். 5-இலிருந்து 1-க்கு இறங்கும் ஊறல் தண்ணீருக்குத் தேவையான குணம் இதுதான். எல்லாப் பூஞ்சை நொதியும் இப்படி என்று சொல்லவில்லை. தேட வேண்டிய இடம் இது என்கிறோம்.

இந்தத் தேடல் புதிதும் அல்ல. ஸ்லோவேனியாவின் செச்சோவ்லியே உப்பளங்களில், செறிந்த உப்புநீரே சில கருநிறப் பூஞ்சைகளுக்கு இயல்பான வாழிடம் என்று நினா குண்டே-சிமர்மன் குழு 2000-இல் எழுதியது. அதுவரை உப்பளத்தில் பூஞ்சை கிடைத்தால் காற்றில் வந்து விழுந்ததாகத்தான் எண்ணினார்கள். ஹோர்ட்டியா வெர்னெக்கியை என்ற கரும்பூஞ்சை, உப்பே இல்லாத ஊடகத்திலும் உப்பு இனிமேல் கரையாது என்ற நிலையிலும் வளரும். வாலீமியா இக்தியோஃபாகா அதற்கு நேர் எதிர். ஏறக்குறைய 10 விழுக்காடு உப்பு இல்லாவிட்டால் வளராது. 15 முதல் 20 விழுக்காட்டில்தான் அதற்குச் சௌகரியம். இதன் உறவுக்காரப் பூஞ்சை வாலீமியா செபியைக் கருவாடு விற்பவர்கள் பெயர் தெரியாமலே அறிவார்கள்: சரியாகக் காயாத உப்புக் கருவாட்டின் மேல் பழுப்பாகப் பொடிப்பொடியாகப் பூக்குமே, அது பெரும்பாலும் இதன் வேலைதான். சாக்கடலிலிருந்து, உப்பில்லாமல் வளரவே வளராத ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களை கோவா பல்கலைக்கழகத்தின் சரிதா நசரேத் குழு 2012-இல் பதிவு செய்தது. தாய்லாந்தின் பெட்சபுரி உப்பளத்தில் கிடைத்த ஆஸ்பர்ஜில்லஸ் கிராசிலிஸின் அமைலேஸ் (மாவுச்சத்தை வெட்டும் நொதி) 30 விழுக்காடு உப்பில் உச்சச் செயல்திறன் காட்டியதாக 2014-இல் வெளிவந்தது. உங்கள் முதல் விதியைப் போல உப்பில்லாமல் சோதித்திருந்தால் அந்த அமைலேஸ் மட்டமான சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று உப்பளங்களை வரிசையாக வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? அங்கிருந்து எடுத்த மாதிரியை உப்பில்லாத அகாரில் போட்டு, மூன்று நாள் பார்த்து, குப்பையில் கொட்டுகிறோம்.

இரண்டாம் விதி ஏன் தோற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு ஒவ்வொரு படியிலும் நடக்கிறது. உப்புநீர் மாதிரியை நீர்க்கச் செய்யும்போது காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால், உப்பு தேவைப்படும் செல்களுக்கு அந்த ஒரு நொடியே போதும், சேதமாகிவிடும். அதே அடர்த்தியுள்ள, கிருமி நீக்கிய உப்புநீரில்தான் கலக்க வேண்டும். பூஞ்சை எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பதால் 100 மில்லியை 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, சவ்வை அப்படியே தட்டில் வைப்பது நல்லது. ஊடகம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் அகார், உப்பு 10 மற்றும் 17 விழுக்காடு என இரண்டு வரிசை. பாக்டீரியாவை அடக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோராம்ஃபெனிகால். ஆனால் ஹாலோஆர்க்கியாவை நம்பகமாக அடக்க அது போதாது. தட்டெல்லாம் இளஞ்சிவப்பாகப் படர்ந்து பூஞ்சையை மூடிவிடும். பி.எச்.-ஐ 5-க்கு அருகே இறக்கினால் அவை ஒடுங்கும், பூஞ்சைக்குப் பாதகமில்லை. அமில ஊடகத்தை உப்போடும் அகாரோடும் ஒன்றாக ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) அகார் இளகிக் கூழாகிவிடும். அகாரைத் தனியாக வேகவைத்து, 60 டிகிரிக்கு ஆறிய பிறகு, சூடான உப்புக் கரைசலோடு சேர்க்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. 25 முதல் 28 டிகிரியில் இரண்டு வாரத்தில் சில தலைகாட்டும். சிலவற்றுக்கு எட்டு, பத்து வாரம்கூட ஆகும். அத்தனை நாள் தட்டு காயாமலிருக்க பாலித்தீன் உறையில் போட்டு மூட வேண்டும். காய்ந்தால் விளிம்பில் உப்புப் படிகம் கட்டும், நடுவில் உப்பளவு நீங்கள் எழுதிவைத்ததைவிட ஏறிவிடும், முடிவுகள் எதற்கும் உதவாது. 72 மணி நேர விதியை வைத்துக்கொண்டு வாலீமியாவைத் தேடுவது வீண்வேலை. தென்படுவது பாதி நேரம் காற்றில் வந்து விழுந்த சாதாரணப் பெனிசிலியமாகத்தான் இருக்கும்.

சாயப்பட்டறைக் கழிவுநீரில் கதை வேறு மாதிரி. அங்கே நிறம் நீக்கப் பேசப்படுவது லாக்கேஸ் என்ற நொதி. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறைக்கு ஊரே மாறியது. ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டல்) கழித்துத் தள்ளும் செறிந்த உப்புநீரின் நிறத்தை நீக்கிவிட்டால் அதையே மறுபடி சாயத்தொட்டிக்குத் திருப்பலாம். இதில் நொதிக்கு இடமுண்டு. ஆனால் லாக்கேஸுக்குக் குளோரைடு விஷம். அதன் செயல்மையத்தில் நான்கு செம்பு அணுக்கள். மூன்று ஒரு கொத்தாக நின்று ஆக்சிஜனைப் பிடிக்கும். குளோரைடு அயனி அந்தச் செம்புகளருகே ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. அமில நிலையில் இந்தத் தடை இன்னும் கடுமை. சல்ஃபேட் அயனி இந்த அளவுக்குத் தொல்லை கொடுப்பதில்லை. ஆகவே சாதா உப்பில் சாயம் ஏற்றும் பட்டறைக்கும் கிளாபர் உப்பில் (சோடியம் சல்ஃபேட்) ஏற்றும் பட்டறைக்கும் ஒரே லாக்கேஸ் வெவ்வேறு முடிவு தரும். வரையறையில் 'உப்பு' என்று ஒரே சொல்லாக எழுதினால்கூடப் போதாது. எந்த உப்பு என்று எழுத வேண்டும். நீங்கள் அந்த ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை.

கடல் சார்ந்த பூஞ்சைகளிடம் இதற்கு விடை தேடியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் சந்திரலதா ரகுகுமார் குழு, அலையாத்திக் காட்டில் மட்கிக்கொண்டிருந்த மரத்தில் எடுத்த பூஞ்சையின் லாக்கேஸைச் சாயக்கழிவிலும் சாராய ஆலைக் கழிவிலும் சோதித்து 2006-இல் வெளியிட்டது. அந்தப் பாதையைத் தொடராமல், நன்னீர் மரப்பூஞ்சையின் லாக்கேஸை அசிடேட் பஃபரில் சோதித்துப் பெரிய எண்ணைக் காட்டுபவரிடம் வாங்குகிறோம்.

நிறநீக்கச் சோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. உயிருள்ள பூஞ்சையைச் சாயநீரில் போட்டு, நிறம் போய்விட்டது என்று புகைப்படம் காட்டுவார்கள். அந்தப் பூஞ்சை உருண்டையை எடுத்து மெத்தனாலில் நனைத்துப் பாருங்கள். மெத்தனால் நீலமாகவோ சிவப்பாகவோ மாறினால், சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து பூஞ்சை மேல் குடியேறியிருக்கிறது. கொல்லப்பட்ட பூஞ்சையையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்காத எந்த அறிக்கையையும் ஏற்காதீர்கள்.

நாங்கள் முன்வைக்கும் பூஞ்சை நொதிகளுக்கும் குறைகள் உண்டு. உப்பு விரும்பிப் பூஞ்சையை ஃபெர்மென்டரில் (திரவ வளர்ப்புக் கலன்) வளர்ப்பது சுலபமில்லை. 10, 15 விழுக்காடு உப்புக் கரைசலை 121 டிகிரியில் கொதிக்கவைத்தால் 304 ரக எஃகு தாங்காது. குளோரைடு குழி குழியாக அரித்து, வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும். 316எல் கூட நாளாவட்டத்தில் அடிவாங்கும். ஆக்சிஜனும் உப்புநீரில் குறைவாகவே கரையும்: 20 விழுக்காடு உப்பில் நன்னீரில் கரைவதில் பாதிகூடக் கரையாது. காற்றை அதிகம் செலுத்தினால் நுரை கிளம்பும், நுரையடக்கி ஊற்றினால் பின்னால் வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொள்ளும். இதனால்தான் கோதுமைத் தவிட்டில் திடநிலை நொதிப்பு செய்வதே கட்டுப்படியாகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் கடல் பூஞ்சையொன்றிலிருந்து குளூட்டமினேஸ் என்ற நொதியை எடுக்கத் திடநிலை நொதிப்பைத்தான் 2000 வாக்கில் காட்டினார்கள். தவிட்டின் எடைக்குச் சமமாக உப்புநீர் விட்டுப் பிசறி, பாலிப்ரோப்பிலீன் தட்டில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். கனம் கூடினால் நடுவில் சூடேறி, நொதி அங்கேயே கெடும். அறுவடையான தவிட்டை நன்னீரில் கரைத்து எடுக்கலாமா, உப்புநீரில்தான் எடுக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு பூஞ்சைக்கும் சிறிய அளவில் முதலில் பார்த்துவிட வேண்டும்.

மகசூல் குறைவு, விலை கூட. அதனால்தான் யூனிட் விலையை உண்மையான நிலையில் கணக்கிடச் சொல்கிறோம். சலுகை எதுவும் வேண்டாம். சந்தையில் இருக்கும் பாசில்லஸ் பாக்டீரியாவின் கார புரோட்டியேஸ்களில் சில, 5 விழுக்காடு உப்பை நன்றாகவே தாங்கும். சரியான சோதனையில் அவை ஜெயித்தால் அவற்றையே வாங்குங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எந்த நொதியும் உப்பை எடுக்காது. "எங்கள் என்சைம் டி.டி.எஸ். குறைக்கும்" (கரைந்த பொருளின் மொத்த அளவைக் குறைக்கும்) என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை அந்த வரியிலேயே நிராகரிக்கலாம். புரதத்தையும் கொழுப்பையும் வெட்டிக் கரைப்பதால் கரைந்த பொருளின் அளவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நொதியின் பயன் வேறு: ஊறல் நேரம் குறைவது, தோல் சீராக நனைவது, சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் போகும் அளவு இறங்குவது, காற்றூட்டும் ஏரேஷன் தொட்டிக்குப் போகும் முன் புரதம் உடைந்து நிற்பது. சாதாரண ஏரேஷன் தொட்டியின் பாக்டீரியாக்கள் திடீரென 1, 2 விழுக்காடு உப்பு வந்தாலே நீரிழந்து சுருங்கி, ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) மிதந்து, வெளியேறும் நீர் கலங்கிவிடும். அந்தச் சுமையை முன்கூட்டியே குறைப்பதில்தான் உப்பு தாங்கும் நொதிக்கு இடம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னதிலிருந்து எத்தனையோ பொடிகளும் பாக்கெட்டுகளும் இந்தத் தொட்டிகளில் கொட்டப்பட்டுவிட்டன. எவையெவை உப்பில் வேலை செய்தன என்று சொல்ல உங்கள் வரையறையில் வழியில்லை.

பாதுகாப்பு விதியும் விடுபட்டிருக்கிறது. ஹோர்ட்டியா உள்ளங்கையில் கருந்தடம் ஏற்படுத்தக்கூடியது. வாலீமியா செபியின் விதைத்துகள் மூச்சுக்குழாய் ஒவ்வாமை தரும். சில ஆஸ்பர்ஜில்லஸ்கள் ஓக்ராடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். ஆலைக்கு வரும் சரக்கில் உயிருள்ள பூஞ்சையோ விதைத்துகளோ இருக்கக் கூடாது. பொடியாக விற்றால் தூசி பறக்காத குருணையாகவோ திரவமாகவோ கொடுக்கச் சொல்ல வேண்டும். தொட்டியருகே முகக்கவசம் இல்லாமல் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுபவர்களுக்காகவாவது இதை எழுதுங்கள்.

சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கடினமானது ஒன்றுமில்லை. கவனம்தான் வேண்டும்.

உப்பளவு 0, 1, 3, 5, 10 விழுக்காடு. 5 விழுக்காடு என்றால் 50 கிராம் உப்பைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்குவது. ஒரு லிட்டரில் 50 கிராம் கொட்டுவது அல்ல. பி.எச்.-ஐ உப்பு சேர்த்த பிறகுதான் சரிசெய்ய வேண்டும். 7-இல் நிறுத்திய பாஸ்பேட் பஃபரில் உப்பைக் கொட்டினால் பி.எச். தானாகவே இறங்கும், நொதி மந்தமானது உப்பினாலா பி.எச்.-ஆலா என்று தெரியாமல் போகும். ஆலைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருப்பதால் பாஸ்பேட் வெண்படிவாக இறங்கிவிடும். டிரிஸ் வகைப் பஃபர் பாதுகாப்பு. கேசீனை உப்புநீரில் நேரே போட்டால் கட்டி தட்டும். முதலில் உப்பில்லாத லேசான காரநீரில் கரைத்து, பிறகு செறிந்த உப்புநீரைச் சேர்க்க வேண்டும். 20 விழுக்காட்டுக்கு மேலான சோதனைக்குக் கேசீன் ஒத்துவராது, அதுவே உப்பில் பிரிந்து கலங்கும். நிறமேற்றிய கேசீனான அசோகேசீன் வைத்துப் பார்த்து, கலங்கல் தெரிந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு உப்பளவுக்கும் கொதிக்கவைத்துக் கொன்ற நொதியோடு தனி பிளாங்க் (ஒப்பீட்டுக் குழாய்), தனி டைரோசின் அளவீட்டுக் கோடு. பொதுவான ஒரே கோட்டை எல்லாவற்றுக்கும் போட்டால் எண்கள் பொய் சொல்லும்.

பிறகு, நொதியை அந்த உப்புநீரிலேயே 28 டிகிரியில், பி.எச். 9-இல் 1, 4, 8 மணி நேரம் ஊறவைத்து மிச்சத் திறனை அளக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பிரமாதமாகக் காட்டி நான்காம் மணியில் செத்துப்போகும் நொதிகள் உண்டு. கடைசியாக, ஆலையிலிருந்து அன்று எடுத்து வடிகட்டிய நிஜ ஊறல் நீரில் ஒரு சோதனை. கூடவே தோலின் ஆதாரப் புரதமான கொலாஜனை வெட்டுகிறதா (வெட்டக் கூடாது) என்று தோல்பொடி வைத்து ஒரு சோதனை. அதில் தேறாத எதுவும் தொட்டிப்பக்கமே வரக்கூடாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அடுத்த டெண்டர் அறிவிப்பு வெளிவருவதற்கு முன் முதல் விதியைத் திருத்துங்கள். புரோட்டியேஸுக்கு 1, 3, 5 விழுக்காடு உப்பில், பி.எச். 9-இல், 28 டிகிரியில், எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சும் யூனிட்டை வைத்தே விலையை ஒப்பிட வேண்டும். லாக்கேஸுக்குச் சோடியம் குளோரைடிலும் சோடியம் சல்ஃபேட்டிலும் தனித்தனியாக, நிஜச் சாயநீரில் அளந்த முடிவைக் கேளுங்கள்.

72 மணி நேர அகார் விதியை நீக்குங்கள். அதற்குப் பதிலாக, மாதிரியைத் தருபவர் எந்த உப்பளவில், எத்தனை நாளில் வளரும் என்று எழுதித் தரட்டும்; அந்த ஊடகத்தில், அந்த நாள்வரை சோதியுங்கள். டி.என்.ஏ. வரிசை அடையாளத்தையும் கட்டாயமாக்குங்கள். இதுவரை 'உயிரற்றது' என்று திருப்பி அனுப்பிய மாதிரிகளில் உப்பளங்களிலிருந்து வந்தவற்றின் பட்டியலை வெளியிட்டு, அவற்றைத் தந்தவர்கள் மறுபடி அனுப்ப வாய்ப்பளியுங்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் நுழையும் பாத்தி தொடங்கி, உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீர்த் தொட்டி வரை, கோடையிலும் மழைக்குப் பின்னும் மாதிரி எடுத்துப் பூஞ்சைகளைச் சேகரிக்கும் திட்டத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். கிடைத்தவற்றை சண்டிகரின் நுண்ணுயிர்ச் சேகரிப்பகமான எம்.டி.சி.சி.-யிலும் புனேயின் தேசியப் பூஞ்சைச் சேகரிப்பகத்திலும் உப்பு ஊடகக் குறிப்போடு வைப்பு செய்ய வேண்டும். உயிரியல் பன்முகச் சட்டம் 2002-இன்படி, வணிகப் பயன் வந்தால் அதில் உப்பளப் பஞ்சாயத்துகளுக்குச் சேர வேண்டிய பங்கை இப்போதே எழுத்தில் வையுங்கள்.

நொதிச் சரக்கில் உயிருள்ள பூஞ்சை இல்லை என்ற சான்றையும், தூசி பறக்காத வடிவத்தையும் கட்டாயமாக்குங்கள். 'டி.டி.எஸ். குறைக்கும்' என்று உரிமை கொண்டாடும் விண்ணப்பங்களைத் தகுதியற்றவை என அறிவியுங்கள்.

எங்கள் அளவீட்டுத் தாள்களையும் பஃபர் தயாரிப்புக் குறிப்புகளையும் உங்கள் ஆய்வகத்துக்குத் தரத் தயாராக இருக்கிறோம். எங்கள் எண்களை நம்ப வேண்டாம். ஒரே நாளில், ஒரே ஊறல் நீரில், உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அளக்கட்டும். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நொதி ஆய்வகங்களிலும் தோல் ஷாப்புகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பணிபுரிவோர்